கம்பி வேலிக்குள் கைப்பிடி அரிசி

கடைக்காரப் பாய் பால் டின்னை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஆணியை வைத்து அடித்து இரண்டு ஓட்டை போட்டார். மலாயாவில் பாடாங் செராய்க்கு நாங்கள் வந்த முதல் வாரம் அது. நல்ல டின்னைக் கெடுத்துவிட்டாரே என்று சண்டைக்கே போய்விட்டேன். “சட்டம் தங்கச்சி. முழு டின்னு காட்டுக்குப் போயிரும். ஓட்டை டின்னு வீட்டுக்குத்தான் போகும் லா” என்றார். அவசரகாலம் அது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று வெள்ளைக்காரன் ரப்பர் தோட்டத்துக்குத் தோட்டம் கம்பி வேலி போட்டிருந்தான். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆடு உள்ளே வராமலிருக்க வேலி போடுவோம். இங்கே அரிசி வெளியே போகாமலிருக்கப் போட்டார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் வேதத்தில் எந்தக் கதையைக் கேட்டாலும் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வேன். ஊர்ச் சபை என் வீட்டுக்காரரை உபதேசியாராக இங்கே அனுப்பியது. அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் என்று என்னை யாரும் சொல்லக் கூடாது. அவர் வேதக்கோவிலில் நின்று பேசுவார். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பெண்களோடு உட்கார்ந்து ஊழியம் செய்தது நான். ஆறு மாதம் போனதும் எங்களைக் கோலா கெத்தில் ஊரைத் தாண்டி ஒரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். ஒரு தகரப் பெட்டியோடு லாரியில் போய் இறங்கினோம். புது இடத்தில் நம் சபையார் ஏழே வீடுதான்.

எங்கள் அம்மா அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். இந்த ஏழு வீட்டிலும் அந்த வழக்கம் இல்லை என்றதும் எனக்கு மனசு தாங்கவில்லை. எடுத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டு அன்னம்மாளுக்கு நாலு பிள்ளைகள். “ரேஷன் அரிசி எங்களுக்கே பத்தல, உபதேசியாரம்மா” என்றாள். பஞ்சத்திலும் எங்கள் வீட்டில் நிறுத்தியதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவள் தலை குனிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து ஏழு வீட்டிலும் பிடி அரிசி எடுத்தார்கள்.

ஒரு மாதத்து அரிசியைத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, காணிக்கை சேர வேண்டிய பாடாங் செராய்க் கோவிலுக்குக் கிளம்பினேன். வேலி வாசலில் பெண்களைச் சோதனை போடும் மலாய்க்காரி மூட்டையைத் தொட்டதும் போலீஸ்காரரைக் கூப்பிட்டாள். நீங்கள் சிரிப்பீர்கள், அது சட்டம் சொன்ன அரிசி என்றே எனக்குத் தோன்றவில்லை. அது காணிக்கை. கணக்கு எழுதும் கிராணியார் ஓடிவந்தார். யார் யார் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் என்னை விட்டுவிடுவார்கள் என்றார். சொன்னால் ஏழு வீட்டு ரேஷன் கார்டும் போகும், ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனாலும் போவார்கள் என்பதும் அவர் முகத்திலேயே தெரிந்தது.

“எல்லாம் என் அரிசிதான்” என்றேன்.

“ரெண்டு பேரு கார்டுல இவ்வளவு எப்படிம்மா மிஞ்சும்?”

“உபவாசம் இருந்தேன்.”

ஊழியத்துக்கு வந்த பிறகு நான் சொன்ன முதல் பொய். கிராணியார் என் உப்பிய கன்னத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவர்களிடம் “புவாசா” என்று மலாயில் சொன்னார். நோன்பு என்றதும் அந்த மலாய்க்காரியின் முகம் இளகியது. என் முந்தானையை அவளே சரிசெய்துவிட்டாள். என்னால்தான் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மேலதிகாரி வந்தார். அரிசியை எடுத்துக்கொண்டார். இவ்வளவு நாள் சாப்பிடாமல் இருக்கத் தெரிந்தவளுக்கு அரிசி எதற்கு என்று எங்கள் கார்டை இரண்டு வாரத்துக்கு நிறுத்தினார்.

வீட்டுக்காரர் அந்த ஞாயிறு பொய்யைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. முதல் நாள் மரவள்ளிக்கிழங்கு அவித்தேன். மறுநாள் காலை அன்னம்மாள் முந்தானையில் ஒரு பிடி அரிசி கொண்டுவந்தாள். “உபவாசம் இருந்த மூஞ்சியா இது? பானையில போடுங்கம்மா” என்றாள். பின்னாலேயே மற்ற ஆறு வீட்டாரும் வந்தார்கள். இரண்டு வாரமும் தினம் ஏழு பிடி. ஊழியம் செய்ய வந்தவள் அந்தச் சோற்றைத்தான் தின்றேன். வேண்டாம் என்று சொல்ல என் பெருமைக்கு அன்று வாய் வரவில்லை.

கார்டு திரும்பி வந்த அன்று அரிசி களைய உட்கார்ந்தேன். பழக்கத்தில் கை ஒரு பிடி அள்ளிவிட்டது. அம்மாவின் கலயத்தில் விழ வேண்டிய பிடி அது. அந்தக் கலயமோ கடலுக்கு அந்தப் பக்கம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அன்னம்மாளின் கடைக்குட்டி பசித்து அழுவது கேட்டது. உலை கொதித்துத் தளும்பி அடுப்பில் வழிந்தது. அந்தப் பிடி கோவிலுக்கா, அந்தப் பிள்ளைக்கா என்று புரியாமல், மூடிய கையைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.