குளிசையைப் பற்றி மறைக்காமல் பேசிய ஜெசிந்தா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, ஜெசிந்தா அக்காவின் மகன் அன்ரன் தொலைபேசியில் அழைத்தான். "மிஸ், அம்மா போயிட்டா. பரந்தன் சந்தியில மழைக்குள்ள மோட்டர் சைக்கிள் சறுக்கி விழுந்தவா." பிறகு, "தான் செத்தால் தன்ர எச்.ஐ.வி. வருத்தத்தைப் பற்றி எல்லாரிட்டயும் சொல்லலாம் எண்டு சொன்னவா. நீங்களும் எழுதுங்கோ," என்றான்.

கிளிநொச்சியில் எங்கள் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பலருக்கு அவரைத் தெரியும். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். கணவர் இறந்தபின் தர்மபுரத்துக்கு வந்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வீடு வீடாக மீன் விற்றார். எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்து முதல்முறை வந்தபோது நாற்பது கிலோவும் இல்லை. நானோ புதிதாக வந்த தாதி. மூன்று மருந்துகள் சேர்ந்த குளிசையைக் கொடுத்து, "பயப்பிடாதைங்கோ அக்கா, ஒண்டும் செய்யாது," என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த முறை கோபத்தோடு வந்தார். "பதினொரு நாளா நான் குளிசை போடேல்லை."

"ஏன் அக்கா?"

"தலை சுத்துது. கண்ணை மூடினால் செத்த சனமெல்லாம் கனவில வந்து கதைக்குது. நீங்கள் ஒண்டும் செய்யாது எண்டனீங்கள். எனக்கு விசர் பிடிக்குதாக்கும் எண்டு பயந்துபோனன்."

வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர்தான் விளக்கினார்: தலைச்சுற்றும் கனவுகளும் அந்த மருந்தின் பக்கவிளைவுகள், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும், இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். "பயப்பிடாதைங்கோ எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதைங்கோ மிஸ். என்ன வரும், எப்ப போகும் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

மீண்டும் தொடங்கினார். மூன்றாவது வாரத்தில் கனவுகள் ஓய்ந்தன. ஒரு வருடத்துக்குள் அவருடைய இரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. பின்னர் புதிய குளிசைக்கு மாற்றியபோது உடம்பு வைத்தது. தராசில் ஏறி நின்று சிரித்தார்: "முந்தி வருத்தம் கரைச்சுது, இப்ப குளிசை ஊதுது. கரையிறதை விட இது பறவாயில்லை."

ஒருநாள் அதே தொற்றோடு கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வந்தாள். மருந்து பிள்ளையைப் பாதிக்கும் என்று அழுதாள். குளிசையைத் தொடவே மறுத்தாள். அவளுடைய சம்மதம் கேட்டு அக்காவைப் பக்கத்தில் இருத்தினேன்.

"எனக்கும் இதே வருத்தம்தான் தங்கச்சி. முதல் கொஞ்ச நாள் வயித்தைப் பிரட்டும், தலையிடிக்கும். அதுக்காக நிப்பாட்டிப் போடாதையும். நீர் ஒழுங்காக் குளிசை போட்டால்தான் பிள்ளைக்குக் காவல்."

அவள் தண்ணீர் கேட்டாள். முதல் குளிசையை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே விழுங்கினாள். பிள்ளைக்குத் தொற்றவில்லை என்று கடைசிப் பரிசோதனை சொன்ன அன்று, இருவரும் கிளினிக் வாசலில் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

செத்த வீட்டில் அன்ரன் சவப்பெட்டியின் அருகே நின்று சொன்னான்: "அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. பத்து வருசமா ஒழுங்கா மருந்து எடுத்தவா. அதால அவா சாகேல்லை." முற்றத்தில் சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். அயல்வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "இவ்வளவு காலமும் அவா வெட்டித் தந்த மீனைத்தானே திண்டனாங்கள். எங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்டபடி போய், அக்காவின் நெற்றியில் முத்தமிட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்து வந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் தாங்களாகவே இரத்தம் சோதிக்க வந்தார்கள். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்கு மருந்து தொடங்க வேண்டியிருந்தது. கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என்ன வரும், எப்போது போகும் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். அப்படி உட்கார்ந்து பேசுவதை எனக்குப் பழக்கிவிட்டுப் போனவர் ஜெசிந்தா அக்கா. நான் முடித்ததும் அந்த மனிதர் கையை நீட்டினார்: "ஓம், தாங்கோ மிஸ்."