பாட்டு அறைக்கு டைல் வேண்டாமாம்

இன்று காலை கரைத்தீவிலிருந்து மேசன் ரபீக் பாஸ் டைல் பதிக்க வந்தார். என் கணவர் பாட்டுக் கேட்கும் அறை ஒன்றுதான் மிச்சம்.

கணவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்த அறையில் விரித்திருந்த தென்னந்தும்புப் பாயை பாஸ் சுருட்டப் போனதும் அவர் வாசலை மறித்து நின்றார்.

"இதையும் கெடுக்காதே. டைல் போட்ட நாள் தொட்டு ஹோலுக்குள்ள ஒரு கதையும் விளங்குதில்ல. எல்லாம் எதிரொலிச்சு ஒரே இரைச்சல்."

சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"சீமெந்து குழைச்சாச்சு மிஸ். இனி நிப்பாட்ட ஏலாது," என்றார் பாஸ்.

கணவரை, ஏற்கெனவே டைல் போட்ட முன் ஹோலில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். பின்னால் நின்று, "மத்தியானத்துக்கு மீனா, கருவாடா?" என்று கேட்டேன். அவர் அசையவில்லை.

பிறகு பாட்டு அறையில், பாயின் மேல் அவரை அதேபோல் உட்கார வைத்து, அதே தூரத்தில் நின்று அதே குரலில் கேட்டேன்.

"மீன். கருவாடு நேத்தும் தின்டதுதானே," என்றார், திரும்பாமலே.

பாஸ் என்னைப் பார்த்தார். குழைத்த சீமெந்தைக் கொண்டுபோய்க் கிணற்றடி வெடிப்பில் பூசத் தொடங்கினார்.

ஹோலில் நான் கேட்பதற்குப் பதில் வருவதில்லை என்று, அங்கே டைல் போட்ட இந்த நாலு மாதமாக நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது பதில் சொல்லாமல் இருந்தால், கோபிப்பதற்கு முன் ஒருமுறை தரையைப் பாருங்கள்.