பல் செய்கிறவர் தன்னை விற்கப் போன கதை

எந்தப் பல்லும் முழு வெள்ளையாக இருப்பதில்லை. வேரோரம் லேசான மஞ்சள், நடுவில் பால் நிறம், நுனியில் விடியப் போகும் நேரத்து ஜன்னலில் தெரிகிற நீலம். மெல்லிய தூரிகையில் பீங்கான் மாவைத் தொட்டு அந்த நீலத்தை வைக்கும்போது அவரைக் கூப்பிட்டால் காதில் விழாது. வீடு தீப்பிடித்தாலும் "கொஞ்சம் இரு, இந்த நுனி காயட்டும்" என்பார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து, உடைந்த பல் மேல் மாட்டுகிற கேப்பும் செட் பல்லும் செய்து கொடுப்பதுதான் தொழில். தெருவில் அவருக்குப் பெயரே பல்லுக்காரர். பாதி வாழ்க்கையை ஒரு முதலாளியின் பட்டறையில் கழித்தவர். டாக்டர்களிடம் போய்ப் பேசுவது முதலாளியின் வேலை. இவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்ததில்லை. அச்சைக் கையில் எடுத்தால் போதும், மனசு எங்கோ போய்விடும். இந்த ஆள் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறான், யார் மேல் இத்தனை கோபமோ? இந்தப் பெண் ஒரே பக்கமாக மெல்லுகிறாள், அந்தப் பக்கம் என்ன வலியோ? முகங்களை அவர் கண்டதில்லை. தூரிகை ஓடும்போது அவராகவே ஒவ்வொரு வாய்க்கும் ஒரு முகம் வரைந்துகொள்வார்.

முதலாளிக்கு வயதாகி, பட்டறையை ஒரு பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். அங்கே பல்லை மெஷின் கடைந்து தள்ளும். பொத்தானை அமுக்கிக்கொண்டு உட்கார இவருக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுப் பின்னறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை, பீங்கான் சுடுகிற சின்ன அடுப்பு என்று சொந்தமாகத் தொடங்கினார். தெரிந்த இரண்டு கிளினிக்குகள் வேலை கொடுத்தன. அதில் ஒன்று மெஷின் பல்லுக்கு மாறிப் போனது. இன்னொரு பெரிய கிளினிக் கிடைக்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு அந்தக் கம்பெனிக்கே போக வேண்டியதுதான். அவர்கள் இவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்கள்.

இங்கேதான் மச்சினன் உள்ளே வருகிறான். மனைவியின் தம்பி. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவன். வீட்டில் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் ரேடியோவையாவது அணைத்துவிடலாம்.

"மாமா, உங்க சரக்கு பிரமாதம். ஆனா அது உங்களுக்கும் அக்காவுக்கும்தானே தெரியும்?"

"ஏன், பல்லைப் பார்த்தா டாக்டருக்குத் தெரியாதா?"

"என்னத்தத் தெரியும்? செஞ்ச பல்லுன்னு யாருக்குமே தெரியக்கூடாதுன்னுதானே நீங்க செய்யறீங்க!"

பிழைப்பின் வில்லங்கமே அதுதான் என்று இத்தனை வருஷமாகப் பல்லுக்காரருக்கு உறைக்கவில்லை.

ரேடியோ பாடம் எடுத்தான். ஆளோட கண்ணைப் பார்த்துப் பேசணும். முனகக் கூடாது. நான் இன்னார், இன்னது செய்கிறேன் என்று நாலு வரியில் சொல்லணும். விசிட்டிங் கார்டை நீட்டணும். எது நடந்தாலும் நம்ம சரக்கை நாமே குறை சொல்லிடக் கூடாது. தன்னைவிடச் சின்னவனிடம் பாடம் கேட்க வெட்கமாக இருந்தாலும் இவர் தலையாட்டிக்கொண்டார். மறுநாள் மத்தியானம், வெயில் மேஜை மேல் சாய்ந்து கிடந்த நேரத்தில், அச்சுகளை வரிசையாக வைத்து அவற்றின் முன் நின்று ஒத்திகை பார்த்தார். தொண்டையைக் கனைத்து, "வணக்கம், நான் வந்து..." என்று ஆரம்பித்தவர், நடுவில் ஓர் அச்சின் கடைவாய்ப் பல்லில் சொக்கிப் போய் நின்றுவிட்டார்.

வாசலில் நின்று பார்த்த மனைவி சொன்னாள்: "நல்ல கூட்டம்தான். ஒருத்தர்கூட எழுந்து போகலை பாருங்க."

பல் டாக்டர்கள் கூடுகிற ஒரு சாயங்கால நிகழ்ச்சிக்கு ரேடியோ எப்படியோ சீட்டு வாங்கிவிட்டான். ஊரிலேயே பெரிய கிளினிக் வைத்திருக்கிற அம்மாவும் அங்கே வருகிறார், அவரிடம் பேசினால் போதும் என்று சொல்லி அனுப்பினான். ஓட்டல் மாடியில் பெரிய கூடம். மெத்தென்ற விரிப்பு, மஞ்சள் வெளிச்சம், டீக் கோப்பைகளின் மெல்லிய கிணுகிணுப்பு. பல்லுக்காரர் சுவரோடு சுவராக நின்றார். கண்ணைப் பார் என்றால் அவர் கண் நேரே வாய்க்குப் போனது. வாழ்நாளெல்லாம் அச்சாகவே பார்த்த வாய்கள் இப்போது உதடும் மூச்சும் சிரிப்புமாக அவரைச் சுற்றி மிதந்தன. வந்த வேலையே அவருக்கு மறந்துவிட்டது.

ரேடியோவுக்குத் தெரிந்த ஒருவர் தோளில் தட்டி அந்த டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அந்த அம்மா நாலைந்து பேர் நடுவில் நின்று எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். மேல்வரிசையில், நடுப்பல்லுக்கு அடுத்த பல். அதன் நுனியருகே நூல் போல ஒரு வெள்ளைக் கீற்று. அந்தக் கீற்றுக்காக இவர் எத்தனை தடவை அடுப்பில் வைத்து எடுத்திருப்பார்! ஒத்திகை பார்த்த நாலு வரியும் காற்றில் போயின.

"ஐயோ, இது என் பல்லு!" என்றார் சத்தமாக. "உங்க வாயில இருக்கிறது நான் செஞ்சது!"

சிரிப்பு நின்றது. சுற்றி நின்ற டாக்டர்கள் எல்லாரும் அந்த அம்மாவின் வாயைப் பார்த்தார்கள். அவர் கை தானாக உயர்ந்து வாயை மூடிக்கொண்டது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் பல்லுக்காரருக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. ஒருவர் வாய்க்குள் இருந்த ரகசியத்தை நாலு பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டார். எப்படிப் படியிறங்கினார், எந்தப் பஸ்ஸில் ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. கார்டுகள் கட்டுக் குலையாமல் பையிலேயே இருந்தன.

வீட்டில் நடந்ததைக் கேட்டு ரேடியோகூட வாயடைத்துப் போனான். மனைவி மட்டும், "விக்கறதெல்லாம் அப்புறம். முதல்ல அந்தம்மாகிட்ட போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

காலையில் போனார். கிளினிக்கில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். முகத்தில் கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

"என் வீட்டுக்காரருக்கே தெரியாதுங்க அது. ஊருக்கே சொல்லிட்டீங்க."

"தப்புதான் டாக்டர். சந்தோஷத்துல புத்தி மழுங்கிடுச்சு. ஒருத்தர் வாயில என் பல்லு இருந்து நான் பார்த்ததே இல்லை."

டாக்டரம்மா அந்தப் பல்லை விரலால் தொட்டுக்கொண்டார். "படிக்கிற காலத்துல படியில விழுந்து உடைஞ்சது. எங்க சார்தான் அச்சு எடுத்து அனுப்பினார். இதைச் செஞ்சவங்களைப் பார்க்கணும்னு அப்பவே உங்க பட்டறைக்கு வந்தேன். நான்தான் செஞ்சேன்னு சொன்னார் உங்க முதலாளி. அவருக்குத்தான் நன்றி சொல்லிட்டு வந்தேன்."

முதலாளிக்குத் தூரிகையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அன்றைக்கு இவர் பின்கட்டில் ஏதோ ஒரு நுனிக்கு நீலம் வைத்துக்கொண்டிருந்திருப்பார். தன்னைத் தேடி ஒருத்தி வந்து, நன்றியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அடக்கம் என்று தான் நினைத்திருந்தது வெறும் பயம்தானோ என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"சரி, நேத்து எதுக்கு வந்தீங்க?"

பல்லுக்காரருக்கு எங்கிருந்தோ வார்த்தை வந்தது. "வேலை கேக்க வந்தேன் டாக்டர். நான் நல்லாப் பல் செய்வேன். எனக்கு உங்க கிளினிக் வேலை வேணும்."

இப்படி வாய்விட்டு அவர் எதையும் யாரிடமும் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது.

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து உதட்டை உயர்த்திக் காட்டினார். "பார்த்துச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

ரேடியோவின் பாடம் நினைவுக்கு வந்தது. நம்ம சரக்கை நாமே குறை சொல்லக் கூடாது. ஆனால் கண் முன்னால் இருப்பதை எப்படி மறைப்பது?

"இப்போ பொருந்தலை டாக்டர்" என்றார். "பக்கத்துப் பல்லெல்லாம் உங்களோட சேர்ந்து மங்கிடுச்சு. இது மட்டும் அந்த வயசுலயே நின்னுடுச்சு."

"கொஞ்ச நாளா கண்ணாடியில தெரியுது. யாருமே சொல்லலை" என்றார் டாக்டரம்மா. பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "இனிமே கிளினிக் வேலை உங்களுக்கு. ஆனா எந்த வாயில எதைப் பார்த்தாலும் அது உங்களோடயே இருக்கணும்."

"சத்தியமா டாக்டர்."

"முதல்ல எனக்கு இதை மாத்திக் கொடுங்க."

பல்லுக்காரர் தலையாட்டினார். "அச்சு அனுப்பி வைங்க, ஒரு வாரத்துல..."

"அச்சு அனுப்பறேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்தத் தடவை என்னைப் பார்த்துச் செய்யுங்க."

பல்லுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு எதிரில் ஒரு முகம் இருந்தது.