ஆரோக்கியம் எடுத்துப்போகாமல் விட்ட பெட்டி

பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் நடந்துகொண்டிருந்தபோது ஆரோக்கியத்தின் மகன் பிரவீன் போனில் கூப்பிட்டான். “அப்பா போயிட்டாங்க பெரியப்பா,” என்றான். நெஞ்சுவலியாம். பிறகு அவனே கேட்டான்: “அப்பா படம் ஒண்ணு வேணும். எங்க வீட்ல உருப்படியா ஒண்ணுமில்ல. உங்க பெட்டியில இருக்குமா?”

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்த்த ஆரோக்கியத்தை உங்களில் பலருக்குத் தெரியும். எத்தனையோ வீடுகளுக்குப் பெட்டி அமைத்துக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு அமைக்கவே இல்லை. எங்கே போனாலும் படம் எடுப்பவரும் அவர்தான் என்பதால் படத்தில் இருக்கவும் மாட்டார்.

பெட்டி என்பது இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட சின்னக் கம்ப்யூட்டர். வீட்டில் யார் போனில் படம் எடுத்தாலும் தானாக அதில் வந்து சேரும். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன். அது எனக்குப் புரிந்த லட்சணத்தை முதல் ஆயுத பூஜையன்றே காட்டிவிட்டேன். பூ வியாபாரி வீட்டுப் பெட்டி வெறுமனே இருக்கலாமா என்று செவ்வந்தி மாலையை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினேன். காற்றுக்கு வழியில்லாமல் சூடேறி அது நின்றுபோனது. ஆரோக்கியம் வந்து பார்த்தார், சிரிக்கவில்லை. “அண்ணே, இதுக்கு மூக்கு பின்னாடி இருக்கு. மூக்கப் பொத்திக் கும்பிட்டா எந்தச் சாமி தாங்கும்?” அடுத்த வருஷம் பூஜைக்கு அவரே வந்து, மேலே ஒரே ஒரு பூவை வைத்துவிட்டுப் போனார்.

நாலைந்து வருஷம் எல்லாம் நன்றாகவே ஓடியது. பிறகு டீச்சரான என் மகள் நித்யா, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வீடியோக்களையும் அதில் போட்டாள். கடை வாசலில் மாட்டிய கேமராவையும் நான் அதன் தலையில் கட்டினேன். ஒரு படம் திறப்பதற்குள் காபி ஆறிப்போகும். பெட்டி கெட்டுவிட்டது என்று நான் குதித்தேன். “பெட்டி கெடலண்ணே. நீங்க வளந்துட்டீங்க. மக பாவாடை குட்டையாப் போனா துணி மேலயா குத்தம்?” என்றார். நாலு டிஸ்க் போட்ட பெரிய பெட்டியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்.

மாற்றியதும் கிளம்பிவிடுகிற ஆள் இல்லை அவர். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் புதுப் பெட்டியிலிருந்து ஒரு படத்தையாவது தன் கையால் திறந்து காட்ட வேண்டும். “வச்சது இருக்கான்னு பாக்காதீங்க, எடுக்க வருதான்னு பாருங்க,” என்பார். நித்யா பார்த்துக்கொள்வாள் என்று நழுவினேன். மனிதர் நகரவில்லை. இரண்டு டீ குடித்தார். தடவித் தடவி நான் திறந்தது சிறுமலைக்குப் போனபோது எடுத்த படம். கையில் மலைவாழைச் சீப்போடு, வாய்கொள்ளாச் சிரிப்போடு ஆரோக்கியம். படம் எடுக்கும் போன் எப்போதோ என் கைக்கு வந்த நேரத்தில் நான் எடுத்தது. பழைய பெட்டி ஒரு மாதம் இருக்கட்டும், அப்புறம் புதிதாகத் தொடங்குகிற ஏதாவது ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை எடுக்க அவர் வரவில்லை.

பிரவீன் கேட்ட அன்று நித்யா வகுப்பில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. சிறுமலைப் படத்தை நானே திறந்தேன். அவர் தெருமுனை அஞ்சலிப் பலகையில் நீங்கள் பார்த்த படம் அதுதான்.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பழைய பெட்டியை அவர் மனைவி ஸ்டெல்லாவிடம் கொண்டுபோனேன். எங்களிடமும் அவர்கள் போன்களிலும் கிடந்த படங்களை நித்யா அதில் சேர்த்திருந்தாள். எங்களுக்குப் பத்தாமல் போனதைக் கொடுக்கிறோமே என்று எனக்குச் சங்கடம்.

“எங்களுக்கு இது போதும்ண்ணே. இனி அவர் படம் கூடவா போகுது?” என்றாள் ஸ்டெல்லா.

பிரவீனின் மனைவி வயிற்றுப் பிள்ளையோடு கதவோரம் நின்றிருந்தாள். “பேரப்பிள்ள வரட்டும்மா. இதுவும் பத்தாமப் போகும். அன்னிக்கு மாத்திக்கலாம்,” என்றேன்.

பெட்டியிலுள்ள படத்தைப் போனில் திறந்து பார்க்கச் சொன்னேன்; ஸ்டெல்லா போனைத் தொடவில்லை. நானும் கிளம்பவில்லை. டீ கேட்டேன். குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டேன். கடைசியில் அவளே திறந்தாள். சிறுமலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இந்தச் சீப்பு எங்க வீட்டுக்கு வரவே இல்லையேண்ணே?”

பஸ்ஸிலேயே தின்றுவிட்டோம் என்று சொன்னேன். அந்த வீட்டில் அத்தனை நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்களாம்.

பெட்டியைப் பற்றி ஆரோக்கியம் சொல்லித்தந்ததில் பாதி எனக்கு மறந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் தங்கள் கையால் திறக்கும்வரை எழுந்திருக்காத அந்தப் பிடிவாதம் மட்டும் என்னிடம் இருக்கிறது.