மூன்றாவது வரிசை, வலது கைக் கடைசி

அம்மாவைப் பெற்றவள் தென்காசிக் கல்லறைத் தோட்டத்தில், வாசலிலிருந்து மூன்றாவது வரிசையில், வலது கைக் கடைசியில் இருக்கிறாள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அது ஒரு நம்பிக்கை என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. தபால்காரருக்குச் சொல்லும் முகவரியைப் போல அதுவும் ஒரு முகவரி.

அம்மா நடக்கத் தொடங்கிய வயதில் அவள் தாய் இறந்துபோனாள். தகப்பனார் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் சமையல்காரர். மனைவியை அடக்கம் செய்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, செங்கோட்டை தாண்டி மலைத்தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். அம்மா அங்கே கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தாள். அப்பாவுக்குத் தென்காசியில் வேலை கிடைத்ததால் கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊருக்குத் திரும்பி வந்தாள். தாயின் படம் ஒன்றும் அவளிடம் இல்லை. தகப்பனார் சொல்லிவிட்டுப் போனது அந்த ஒரு வரி மட்டுமே.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் அம்மா சுண்ணாம்பு கரைப்பாள். மூன்றாவது வரிசையின் கடைசியில், பெயர் எழுதாத சிமெண்டுச் சிலுவையுடன் ஒரு கல்லறை இருந்தது. அதற்கு வெள்ளையடித்து, திருநாளன்று செவ்வந்தி சுற்றி, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் ஜெபமாலை சொல்லும்போது அவள் வீட்டுச் சமாச்சாரம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நானும் தம்பியும் கேட்டதில்லை. அது அவளுக்கும் அவள் தாய்க்கும் இடையிலானது.

இடுப்பு எலும்பு முறிந்து எழுந்த பிறகு, தன்னை அந்தக் குழியில்தான் வைக்கவேண்டும் என்று அம்மா சொல்லத் தொடங்கினாள். அப்பா தூத்துக்குடிப் பக்கம் தன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், தன் ஆட்களோடு இருக்கிறார். “அங்கன போனா அங்கயும் நான் மருமவதாம்ட்டி,” என்றாள். “எங்க அம்மகிட்ட போட்டுருங்க.”

எங்கள் கோயில் பங்கில் ஒரு விதி உண்டு. குடும்பக் கல்லறை இருப்பவர்களுக்கே பழைய குழியைத் திறப்பார்கள். இல்லாதவர்களுக்குச் சுவரோரத்துப் பொது வரிசை. சில வருடம் கழித்து அதைத் திரும்பத் தோண்டி வேறொருவரை வைப்பார்கள். அம்மா பயந்தது சாவுக்கு அல்ல, அந்தப் பொது வரிசைக்கு. புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார் மரியாதையாகவே கேட்டார்: அந்தக் கல்லறை உங்களுடையது என்பதற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா?

நான் கல்யாணம் செய்துகொள்ளாமல், கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள். தேடுவது எனக்குப் பழகிய வேலை. முதலில் நூலகத்தில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதிகளைப் புரட்டினேன். அவற்றில் பெயர் கிடைக்காது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே புரட்டினேன். குற்றாலம் இருந்தது. வீடுகள் எத்தனை, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எழுத்தறிந்த பெண்கள் எத்தனை என்று எண்கள் இருந்தன. அவள் அந்தப் பெண்களின் எண்ணிக்கைக்குள் எங்கேயோ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த உணர்ச்சியும் வரவில்லை. நூலகத்தை மூடப்போகிறோம் என்று சொன்னார்கள், எழுந்து வந்தேன்.

பிறகு பங்கு அலுவலகத்துக்கு நாள்தோறும் போனேன். உபதேசியார், கோயில் காரியங்களைக் கவனிக்கும் நடுவயதுக்காரர், அடக்கப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். பாதி லத்தீன், பாதி தமிழ். கரையான் தின்ற ஓரங்கள். மாலையில் வீடு திரும்பினால் அம்மா கட்டிலிலிருந்தே கேட்பாள்: “கெடச்சாளாட்டி?”

ஒருநாள் கிடைத்தாள். பெயர், கணவர் பெயர், குற்றாலம், காய்ச்சல். அருகே கல்லறையின் எண். புத்தகத்தின் பின்னட்டையில் கையால் வரைந்த வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. அந்த எண் மூன்றாவது வரிசையில், வலது கைக் கடைசியில் இருந்தது. தகப்பனார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

“படத்தத் தலகீழாப் பிடிச்சிருக்கியளே டீச்சர்,” என்றார் உபதேசியார். “மலைய வாசல் பக்கம் போட்டிருக்கு பாருங்க.”

திருப்பிப் பார்த்தேன். எழுத்துகள்தான் தலைகீழாயின. இன்று கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் குற்றாலத்து மலை எதிரே நிற்கும். அந்தப் படத்தில் மலை, நுழைகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அன்றைக்கு வாசல் மேற்கில் இருந்திருக்கிறது. அம்மா இந்த ஊரைவிட்டுப் போனதற்கும் திரும்பி வந்ததற்கும் இடையில் யாரோ அதை அடைத்துவிட்டுக் கிழக்கே புதிதாகத் திறந்திருக்கிறார்கள். ஊரிலேயே இருந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அவர்கள் கல்லறைகளை அடையாளத்தால் அறிந்தவர்கள். போய் வந்தவள் வாசலிலிருந்து எண்ணினாள்.

அவள் தாய் எதிர்மூலையில் இருந்தாள். அந்த எண்ணுக்கு நேராக, பல வருடம் கழித்து, வேறு மையில் எழுதியிருந்தது: பார்ப்பவர் இல்லை. அதன் கீழே வேறொரு குடும்பத்தின் பெயர்.

நாங்கள் வெள்ளையடித்த கல்லறையின் எண்ணையும் தேடினேன். “ஆண். ஐந்தருவியில் பிணமாக எடுக்கப்பட்டவன். ஊர், பெயர் தெரியாது. கழுத்தில் ஜெபமாலை இருந்தபடியால் இங்கே அடக்கம்.” அவ்வளவுதான் இருந்தது. உபதேசியார் வாங்கிவந்த தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்து முடித்தேன்.

குவைத்திலிருக்கும் தம்பியை அழைத்தேன். “அம்மைட்ட சொல்லிராத அக்கா,” என்றான். “இந்த வயசுல அவளுக்கு என்னத்துக்கு இது? ஃபாதர்ட்ட மட்டும் பேசி முடி.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அன்று மாலையும் அம்மா கேட்டாள், கிடைத்தாளா என்று. கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசல் மாறியதை, எதிர்மூலையை, பார்ப்பவர் இல்லை என்ற சொல்லை, எல்லாவற்றையும் பாடம் நடத்துவதுபோல வரிசையாகச் சொன்னேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

அம்மா போர்வையைக் காலோடு இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அப்பம் நான் இத்தன வருசமும் யார்ட்ட பேசிட்டு இருந்தேன்?”

குறித்து வந்ததை வாசித்தேன்.

“ஆம்பளையா?”

“ஆமாம்மா.”

“நாசமாப் போச்சு. ஒங்க அப்பாவப் பத்திக் குறையெல்லாம் அவன்ட்டயால்லா சொல்லிருக்கேன்!”

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அவள் சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று அவளை ஆட்டோவில் கூட்டிப்போனேன். எதிர்மூலையில் பளபளப்பான கிரானைட் கல்லறை இருந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரு ஆச்சி? எங்க மாமாவுக்கு வேண்டியவுகளா?” என்றாள்.

“அவுகளத் தெரியாது தாயி. இதுக்கு முன்ன இங்கன இருந்தவளுக்கு வேண்டியவ.”

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. “நாங்க முறைப்படி எழுதி வாங்குன எடம் ஆச்சி. யாரும் பாக்கலன்னுதான் குடுத்தாவ.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். யாரும் பாக்கல. நீ எதுக்குப் பதறுத? எடத்தக் கேட்டா வந்தேன்? ஓரமா ஒரு திரி வச்சுக்கிடட்டா?”

அவள் தன் பூக்களைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அங்கே என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலும். சற்று நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே நடந்து, எங்கள் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

“என்னைய இங்கனயே வச்சிருங்க,” என்றாள். “இது எனக்குப் பழகிட்டு.”

பங்குச்சாமியார் தயங்கினார். எழுத்துப்படி அது எங்களுடையது அல்ல. தேடி நிரூபித்தவளே நான்தான். “சாமி, இவ்வளவு நாள் வெள்ளையடிச்சது யாரு?” என்று அம்மா கேட்டாள். அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதுபோல மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்போம். அந்த மனிதருக்கு உறவென்று யாரும் வராவிட்டால் உங்கள் பெயரில் எழுதித் தருகிறேன்.

“கல்யாணத்துக்கு ஓல வாசிச்சாவ, இப்பம் குழிக்கும் வாசிக்காவ,” என்றாள் அம்மா என் காதருகே. “முன்னபின்ன தெரியாத ஆளாட்டி மாப்பிள்ள?”

மூன்று ஞாயிறும் வந்தாள். அறிவிப்பு வாசிக்கப்படும்போதெல்லாம், இடுப்பு வலியோடு திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தாள். யாராவது எழுந்துவிட்டால் இடம் போய்விடும் என்ற பயம் என்றே நினைத்தேன். மூன்றாவது வாரம் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “ஒருத்தன்கூட எந்திக்கல பாத்தியா. பாவம்.”

அடுத்த சாரல் வருவதற்கு முன்பு அம்மா தூக்கத்தில் போய்விட்டாள். தம்பிக்கு விடுப்புக் கிடைக்க மூன்றாம் நாளாயிற்று. அடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்தான். குழியைத் திறந்தவர்கள், உள்ளே மிஞ்சியிருந்ததை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி, அம்மாவின் கால்மாட்டில் வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வழக்கம் அதுதானாம். பக்கத்தில் வையுங்கள் என்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த வேலையைப் பார்த்தேன்.

தம்பி வந்து, ஒரு வாரம் இருந்து, திரும்பிப் போனான். அவன் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக இப்போது அம்மாவின் பெயர் இருக்கிறது. பார்ப்பவர் என்ற இடத்தில் உபதேசியார் என் பெயரை எழுதினார். எனக்குப் பிறகு பார்ப்பவராக யாரை எழுத என்று கேட்டார். இப்போதைக்கு நான் இருக்கிறேன் என்று சொன்னேன்.