கிளெம் ஸ்டிக்லண்ட் குடித்த தேநீர்

யார் வீட்டில் என்ன தேநீர் கொடுத்தாலும் கிளெம் ஸ்டிக்லண்ட் கடைசிச் சொட்டு வரை குடித்துவிடுவார். ஆறிப்போனதோ கடுத்துப்போனதோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். பாதிரியார் வீட்டுத் தேநீரை வூல் கிராமமே பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு வரும். கிளெம் மட்டும் இன்னொரு கோப்பை கேட்பார்.

"உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா கிளெம்?" என்பாள் அவர் மனைவி ரோடா.

"இருக்கு. அதுக்கு எல்லாம் தெரியும். வெளிய சொல்லாது."

வூல் ரயில் கேட்டை அவருடைய அப்பா பார்த்துவந்தார். முதல் உலகப் போரின்போது டாங்கிகள் ரயிலில் வந்து இறங்கி, கேட்டைத் தாண்டும் சாலை வழியாகத்தான் பட்டாளத்து முகாமுக்குப் போயின. பெரிய ரகசியம். சன்னல் திரையை இழுத்துவிட்டு எல்லாரும் பின்னறையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. எல்லாரும் உட்கார்ந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். "அது ஒரு இரும்பு நத்தை. அதைத் திருப்ப உள்ள நாலு பேர் மல்லுக்கட்டணுமாம்" என்று அவர் அம்மா சொல்வாள்.

கிளெம் சிறுவனாக இருந்தபோது ஒரே ஆள் திருப்பும் டாங்கிகள் வந்துவிட்டன. கேட் மூடியிருந்தால் அவை வரிசையாக நின்று உறுமும். முன்பக்கத்தில் ஒரு ஓட்டை, அதில் டிரைவரின் தலை. கேட் திறந்ததும் தலை அப்படியே இருக்கும், அத்தனை இரும்பும் நகரும். அந்தத் தலையாக வேண்டும் என்று அவன் முடிவுசெய்தான்.

பட்டாளம் வேறு மாதிரி முடிவுசெய்தது. அவனுக்குக் காது கூர்மை. பீரங்கியில் குண்டு நிரப்புகிறவன்தான் ரேடியோவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் அவனை டாங்கியின் மேலே சுழலும் பீரங்கிக் கோபுரத்துக்குள் உட்காரவைத்தார்கள். அடுத்த உலகப் போரில் நார்மண்டிக்குப் போனதும் குரோம்வெல் டாங்கியின் கோபுரத்தில்தான். தலைவர் சார்ஜென்ட் ஆமோஸ் ஹாலெட். டிரைவர் பர்கிஸ்.

அப்போதெல்லாம் தேநீர் போட வேண்டுமென்றால் வெளியே இறங்க வேண்டும். பிஸ்கட் டின்னில் மண்ணைப் போட்டு, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தி, மேலே கெட்டிலை வைப்பார்கள். அன்றைக்கு பர்கிஸின் முறை. கெட்டில் பாடத் தொடங்கியபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மோர்ட்டார் குண்டு வந்தது. அன்று யாரும் தேநீர் குடிக்கவில்லை.

இப்படிப் பல டாங்கிகளில் நடந்திருக்க வேண்டும். போர் முடியும் நேரத்தில் செஞ்சுரியன் என்ற புதிய டாங்கி வந்தது. அதன் பீரங்கியையும் கவசத்தையும் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஹாலெட் உள்ளே இறங்கி முதலில் தொட்டுப் பார்த்தது சுவரில் பொருத்தியிருந்த வெந்நீர்ப் பெட்டியை. மின்சாரத்தில் கொதிக்கும். டாங்கியின் மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளேயே தேநீர் குடிக்கலாம்.

பெட்டி குண்டு நிரப்புகிறவனின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஆகவே தேநீர் கிளெமின் பொறுப்பானது. அவன் அதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். அதுதான் வினை.

ஐம்பத்து மூன்றில் அவர்கள் ஜெர்மனியில், லூனபர்க் புல்வெளியில் இருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தோடு டிரைவர் டாலி பட்டாளத்தை விட்டுப் போகிறான். கிளெம் டாங்கி ஓட்டும் பரீட்சையில் எப்போதோ தேறியிருந்தான். இந்த இடமும் போனால் அடுத்த இடம் எப்போது காலியாகுமோ தெரியாது. ஹாலெட்டிடம் போய்க் கேட்டான்.

"நல்ல டிரைவர் ஒருத்தனை டீக்காகப் பறிகொடுத்தேன்" என்றார் ஹாலெட். "நல்ல டீயை டிரைவருக்காகப் பறிகொடுக்க மாட்டேன். போய் வேலையைப் பாரு."

பீரங்கி குறிபார்ப்பவன் கோலப். டார்செட்காரன், கிளெமுக்குப் பக்கத்து ஊர்.

"முட்டாப் பயலே, உன் டீதான்டா உனக்கு எதிரி" என்றான். "அதைக் கெடு. ஒரே வாரத்துல உன்னை முன்னால டிரைவர் இடத்துக்குத் தூக்கி எறிஞ்சிடுவாரு."

"எப்படிடா கெடுக்கறது?"

"என்னைக் கேக்கறியா? நான் போட்டா தானா கெட்டுப்போகும். நீ யோசிச்சுச் செய்யணும்."

வெந்நீர்ப் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு டப்பாக்களை அதே தண்ணீரில் போட்டுச் சூடாக்கிவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே தேநீர் போடுவார்கள். பட்டாளத்து டப்பாவில் பெயிண்டில்தான் எழுதியிருக்கும், பாதகமில்லை. கடையில் வாங்கிய புட்டிங் டப்பாவில் காகிதம் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் பசை கரைந்து தண்ணீர் கஞ்சியாகிவிடும்.

கிளெம் உரிக்காமல் போட்டான்.

தேநீர் சாம்பல் நிறத்தில் வந்தது. கோலப் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைப் பக்கவாட்டில் கொட்டினான். "சுவரொட்டி ஒட்டலாம்டா இதை வெச்சு" என்று கிசுகிசுத்தான். டாலி, "ஊருக்குப் போறவனை விஷம் வெச்சு அனுப்பறியா?" என்று கீழேயிருந்து கத்தினான். ஹாலெட் கோபுரத்துக்கு வெளியே தலையை நீட்டியபடி மரங்களைப் பார்த்துக்கொண்டு முழுக்கக் குடித்தார். கோப்பையை உள்ளே நீட்டினார்.

"இன்னும் இருக்கா?"

கிளெம் ஊற்றினான். அவர் குடிக்கும்போது தானும் குடித்தான். வேறு வழியில்லை.

மறுநாளும் உரிக்கவில்லை. மறுநாளும் ஹாலெட் இரண்டு கோப்பை குடித்தார்.

"அந்த ஆளுக்கு வயிறா, கொல்லன் தொட்டியா?" என்றான் கோலப்.

அதற்கடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. பயிற்சிச் சண்டை. எதிரணி எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. மழையில் பெரிஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை என்று ஹாலெட் காலையிலிருந்தே தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். கிளெமுக்கு அவருடைய இடுப்பும் கால்களும் மட்டும்தான் தெரிந்தன. மழைத்தண்ணீர் அவர் கோட்டு வழியாக இறங்கி பூட்ஸில் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால்கள் நடுங்கின. காலை ஒரு முறை உதைத்துக்கொண்டார், குதிரை செய்வது மாதிரி.

கிளெம் கையில் புட்டிங் டப்பா இருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நகத்தால் காகிதத்தைக் கிழித்தான். கொஞ்சமும் ஒட்டியிராமல் துணியால் துடைத்தான்.

"என்னடா பண்றே?" என்றான் கோலப். "இன்னிக்கு ஒரு நாள் தாங்கினா ஆளு விழுந்துடுவாரு."

"விழுந்துதான்டா போவாரு. காலைப் பாரு."

நல்ல தேநீர். கிளெம் அதுவரை போட்டதிலேயே நல்லது என்று கோலப் பிற்பாடு சத்தியம் செய்வான். ஹாலெட் முதல் வாயை விழுங்கினார். குனிந்து கோபுரத்துக்குள் முகத்தைக் காட்டினார். மூக்கு நுனியில் நீர்.

"கைவிட்டுட்டியா?"

கிளெமுக்குக் காது சிவந்தது. "தெரியுமா சார்ஜென்ட்?"

"ரெண்டு நாளா என் வாயே பசையில ஒட்டிக்கிச்சு. தெரியாதா?"

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

"யார் முதல்ல நிறுத்தறாங்கன்னு பாத்தேன்." கோப்பையைக் காலி செய்தார். "இன்னிக்கும் அதே கஞ்சியை நீட்டியிருந்தா, சாகற வரைக்கும் கோபுரத்துலதான் உன்னை வெச்சிருப்பேன்."

இரவெல்லாம் மழை பெய்தது. காலையில் ஹாலெட் டாங்கியின் முன்பக்கத்தைத் தன் கைத்தடியால் தட்டினார்.

"டாலி, மேல ஏறு. ஸ்டிக்லண்ட், உள்ள போ."

கிளெம் டிரைவர் இடத்தில் இறங்கினான். ஹாலெட் கோபுரத்தில் நின்றுகொண்டு, கோலப்பிடமிருந்து ஒரு கோப்பை வாங்கினார். விளிம்புவரை தேநீர்.

"அந்தச் சரிவு, அந்த ஓடை, அந்தக் காடு. சுத்தி இங்க வந்து நிறுத்து. என் கோப்பையில இருக்கறது கோப்பையிலேயே இருக்கணும். அவ்வளவுதான் பரீட்சை."

"ஐம்பது டன் வண்டியிலா சார்ஜென்ட்?"

"கோப்பை சின்னதுதானே."

கிளெம் கியரைப் போட்டான். கோபுரத்தில் இருந்த ஆண்டுகளில் பள்ளம் ஒவ்வொன்றும் அவனிடம் வெந்நீராகத்தான் வந்திருந்தது. முழங்கையில், தொடையில், ஒரு முறை கழுத்தில். எந்த இறக்கத்தில் டாலி அவசரப்படுவான், எங்கே தாமதமாக பிரேக் பிடிப்பான் என்பது அவன் தோலுக்குத் தெரியும். சரிவின் விளிம்பில் வண்டியைச் சற்று நிறுத்தி, மூக்கு தானாகக் கவிழும்வரை காத்திருந்து, பிறகு விட்டான். ஓடையில் நீர் இரண்டு பக்கமும் மெதுவாக விலகியது. மரவேர் மேல் வண்டி ஒரே ஒரு தடவை குதித்தது. மேலேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டது.

திரும்பி வந்து நிறுத்தி, ஓட்டையிலிருந்து தலையை எடுக்காமல் காத்திருந்தான். ஹாலெட் கோப்பையை நீட்டிக் காட்டினார். பாதி இருந்தது. அவர் கை சிவந்திருந்தது.

"டாலி எனக்கு இவ்வளவு மிச்சம் வெச்சதே இல்ல" என்றார்.

பின்னாலிருந்து டாலி, "நான் வேகமா ஓட்டுவேன் சார்ஜென்ட்!" என்றான்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அன்றிலிருந்து கோலப் குண்டு நிரப்பும் இடத்துக்கு மாறினான், வெந்நீர்ப் பெட்டியும் அவனிடம் வந்தது. டாங்கியை விட்டுக் கீழே இறங்கித் தேநீர் வாங்க ஹாலெட் யாரையும் விடுவதில்லை. பீரங்கியைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் டிரைவருக்குப் பின்னால் ஒரு சந்து திறக்கும், அதன் வழியாகத்தான் கோப்பை வரும். எல்லாரும் குடித்த பிறகு, ஆறி, ஏடு கட்டி. முதல் கோப்பை வந்தபோது கிளெம் ஒரு வாய் குடித்தான். சுவரொட்டி வாசனை. கோலப் உரிக்க மறந்திருந்தான், வேண்டுமென்று அல்ல.

"எப்படிடா இருக்கு?" என்று சந்தில் குரல் வந்தது.

கிளெம் வெளியே பார்த்தான். முன்னால் ஒன்றும் இல்லை. புல்வெளி, அதன் மேல் வானம்.

"அருமைடா" என்றான்.

அப்புறம் சீஃப்டன் டாங்கி வந்தது. அதில் டிரைவர் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும், கியரை மோட்டார் சைக்கிள் மாதிரிக் காலால் உதைத்து மாற்ற வேண்டும். இன்ஜின் எல்லா எண்ணெயிலும் ஓடும் என்றார்கள். எல்லா எண்ணெயிலும் நின்றது. கிளெம் படுத்தபடியே தேநீர் குடிக்கக் கற்றுக்கொண்டான். அப்படித்தான் ஒரு விடுமுறையில் ரோடாவிடம் கல்யாணம் பேசும்போது, "படுத்துக்கிட்டே சம்பாதிக்கிற ஒரே நல்லவன் நான்தான்" என்றான். அவள் அம்மா எழுந்து போய்விட்டாள். ரோடா போகவில்லை.

கிளெம் ஓய்வு பெற்று வூலுக்குத் திரும்பிய பிறகு ஹாலெட் ஒரு முறை ரயிலில் வந்தார். வயதாகிவிட்டிருந்தது. கிளெம் தன் பழைய மாரிஸ் காரோடு நிலையத்தில் நின்றார். ரோடா கொடுத்தனுப்பிய பிளாஸ்க்கை ஹாலெட் பின் இருக்கையில் ஏறியதுமே திறந்தார். அவசரமில்லாமல், மூடி நிறைய, விளிம்புவரை ஊற்றிக்கொண்டார். மடியில் கைக்குட்டை எதையும் விரிக்கவில்லை.

கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் புதிய டாங்கிகள் வரிசையாக நின்று உறுமின. கேட் திறந்தது.

"ம், போ" என்றார் ஹாலெட்.