பாதியில் இறுகும் கைப்பிடி

ஜெயராமன் இறந்த செய்தி காலை ஒன்பது மணி வாக்கில் வந்தது. கும்மிடிப்பூண்டியில் என் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. போனில் பேசியவள் கவிதா. பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். அவரிடம் விமானம் ஓட்டக் கற்றவள்.

“தாத்தா, சார் போய்ட்டாரு.”

“எங்க வுழுந்துச்சு?” என்றுதான் முதலில் கேட்டேன். இத்தனை வருடமாக அப்படி ஒரு போன் வரும் என்று பயந்தே பழகியவன் நான்.

“வுழுவல தாத்தா. ஊட்ல நாஷ்டா சாப்டுக்கினு இருக்க சொல்லோ நெஞ்சு வலி.”

ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.

மாணவர்களுக்கு அவர் கேப்டன். எனக்கு ஜெயராமன். சிறு விமானத்தில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதே அவர் சொல்லித்தந்த பாடம். வானத்துக்குப் போகுமுன் தரையிலேயே அதைப் பழக்க, விமானி அறை ஒன்றை அப்படியே செய்து தரும்படி என்னிடம் வந்தார். எட்டாவதோடு நின்றவன் நான். லேத்தைக்கூட யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழுதாகி நின்ற ஒரு விமானத்தை டேப் வைத்து அளந்து, ப்ளைவுட்டிலும் கம்பெனிகள் கழித்துப்போட்ட தகட்டிலும் செய்து முடித்தேன். அதில் மாணவரை உட்காரவைத்து, கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு விசையாகப் பெயர் சொல்வார். கை தடவாமல் நேராக அங்கே போய் நிற்க வேண்டும். “பொகை வந்தா கண்ணு தெரியாது நைனா. கைக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்பார்.

எங்கள் சண்டை பெட்ரோல் கைப்பிடியில் தொடங்கியது. இரண்டு இறக்கைகளிலும் பெட்ரோல் தொட்டி உண்டு. எஞ்சின் நின்றால், இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பி மறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். நான் அதில் பேரிங் வைத்து, கிரீஸ் போட்டு, விரல் பட்டாலே ஓடும்படி செய்திருந்தேன்.

“இன்னா நைனா, வெண்ணெ மாரி போவுது? அங்க கல்லு மாரி இருக்கும். இதையும் அப்டியே பண்ணிக் குடு.”

“மட்டமா வேல செஞ்சி எனக்குப் பழக்கமில்ல. ஏரோப்ளேன் செஞ்சவன ஒழுங்கா செய்யச் சொல்லு.”

“அவன் நான் சொன்னா கேக்கமாட்டான். நீயாச்சும் கேளேன்.”

நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வெளியூர் விமானத்தளத்தில் கவிதாவைப் பறக்க அழைத்துப் போனார். நல்ல உயரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் எஞ்சின் வேகத்தை முழுதாகக் குறைத்து, நின்றுவிட்டதாக வைத்துக்கொள் என்றார். அவள் இறங்குவதற்கு ஒரு வயலைப் பார்த்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பினாள். அது பாதியில் இறுகியது. என் பட்டறையில் இருப்பது முழுதாகத் திரும்பிய பிறகுதான் நிற்கும். ஆகவே முடிந்தது என்று கையை எடுத்துவிட்டாள். நடுவில் நின்றால் எந்தத் தொட்டியிலிருந்தும் பெட்ரோல் வராது. சோதனைக்காகத் தணித்த எஞ்சின் நிஜமாகவே நின்றுபோனது.

“என் முட்டிய தாண்டி கைய நீட்டித் திருப்புனாரு தாத்தா. எஞ்சின் புடிக்கிறதுக்குள்ள வயல்ல மாடு மேயறது தெரிஞ்சிது” என்று கவிதா பிறகு சொன்னாள்.

தரையிறங்கியதும் அவர் போன் செய்தார்.

“நைனா, கைப்பிடி பாதில நின்னுச்சு.”

“அது ஒங்க வண்டிக் கோளாறு” என்றேன்.

“சரி, சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

தரைப் பயிற்சியைத் தானே சரிபார்க்காமல் விட்டதாக, தான் வேலை பார்த்த விமானப் பயிற்சிப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். சில மாதங்கள் அவரைப் பறக்க விடவில்லை. எனக்கு இது வெகுநாள் கழித்துக் கவிதா சொல்லித்தான் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தோற்றும் இருப்பேன். என் தப்பை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அந்தக் கோபத்தை விடப்போவதும் இல்லை.

ஆனால் கைப்பிடி பாதியில் நின்றதாக அவர் போன் செய்த அன்றே பேரிங்கைக் கழற்றிவிட்டேன். கிரீஸைத் துடைத்து, பாதியில் இறுகும்படி உள்ளே ஒரு தகடு கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது ஜெயராமன் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திருப்பினார். இறுகியது. மூச்சுப் பிடித்து மீதியையும் தள்ளினார்.

“இப்பதான் நைனா கேவலமா கீது. இப்டியே வுடு.”

“டீ ஆறுது, வா” என்றேன்.

திங்கட்கிழமை புது மாணவர்கள் வருகிறார்கள். இனி கவிதாதான் வகுப்பெடுக்கிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நன்றாகச் செய்ததாக நினைத்து வேறு எதையெல்லாம் தப்பாகச் செய்து வைத்திருக்கிறேனோ? எனக்கு முன்னால் நின்று சொல்ல இனி யார்?

அவருடைய கறுப்புத் துணி என்னிடம்தான் இருக்கிறது. காலையில் லேத்தைத் தொடுமுன் அதைக் கட்டிக்கொண்டு அந்த இருக்கையில் உட்காருகிறேன். இன்று கைப்பிடி சற்று இளகியிருந்தது. பலர் கை பட்டுத் தேய்ந்திருக்கிறது. கழற்றி, புதுத் தகடு கொடுத்து, மறுபடி முரடாக்கி வைத்தேன்.